அபூர்வ செடிகளை வீட்ல விதை போட்டு வளர்க்கறது: எங்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் இருக்கறது திருச்சி, வாடகை வீட்டு மொட்டை மாடி, மே மாசம் செருப்பு இல்லாம மாடியில நாலடி நடக்க முடியாது. கீழ சொல்றதெல்லாம் அந்த வெயில்ல செஞ்சு பார்த்தது. கொடைக்கானல்லயோ பெங்களூர்லயோ இருக்கறவங்க அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க.

அபூர்வ செடின்னு எதை சொல்றீங்க?

என் கணக்குல மூணு ரகம் இருக்கு. ஒண்ணு நிஜமாவே உலகத்துல கம்மியா இருக்கற செடி, உதாரணத்துக்கு செம்மரம், அது இயற்கையா வளர்றது ஆந்திரா கடப்பா, சித்தூர் பக்கத்து மலைகளும் அதை ஒட்டின கொஞ்ச இடமும்தான். ரெண்டாவது, நம்ம ஊர் வேலியிலயும் கோயில் காட்லயும் இருக்கும் ஆனா எந்த நர்சரியிலயும் விக்க மாட்டாங்க, செங்காந்தள், குன்றிமணி, கழற்சி, பாலை மரம் இதெல்லாம். மூணாவது ரகம் போட்டோவுல மட்டும் இருக்கற செடி, நீல அடினியம் (அடினியம்னா பாலைவன ரோஜா), வானவில் ரோஜா வகையறா. எனக்கு பிடிச்சது ரெண்டாவது ரகம். காசு செலவு கிடையாது, நம்ம வெயிலுக்கு பழகினது, முளைச்சு வந்தா தெருவுல ஒருத்தர் வீட்லயும் இருக்காது.

நீல ரோஜா விதை, கருப்பு ரோஜா விதை ஆன்லைன்ல 199 ரூபாய்னு வருதே, வாங்கலாமா?

வேணாம். நீல ரோஜான்னு ஒண்ணு நிஜமா இருக்கு, ஜப்பான்ல சன்டோரி கம்பெனி மரபணு மாத்தி பல வருஷம் உழைச்சு 2004-ல அறிவிச்சாங்க, 2009-ல பூவா கடைக்கு வந்துச்சு. அதுவே நேர்ல பார்த்தா வெளிர் ஊதா கலர்தான். அவ்ளோ பெரிய கம்பெனியாலயே அதுக்கு மேல நீலம் கொண்டுவர முடியல, இவங்க 199 ரூபாய்க்கு விதையாவே தராங்களாம்.

நானும் ஏமாந்திருக்கேன், மறைக்கல. நீல அடினியம்னு ஒரு பாக்கெட் வாங்கினேன், உள்ள கடுகு மாதிரி உருண்டையா இருபது விதை. அப்போ எனக்கு அடினியம் விதை எப்படி இருக்கும்னே தெரியாது. அது சீரகத்தை விட கொஞ்சம் பெருசா, பழுப்பு கலர்ல குச்சி மாதிரி இருக்கும், ரெண்டு முனையிலயும் பட்டு மாதிரி பஞ்சு இருக்கும், உருண்டையா இருக்கவே இருக்காது. நான் போட்டது மூணே நாள்ல முளைச்சு வந்தப்போ அவ்ளோ சந்தோஷம், ரெண்டு வாரம் கழிச்சு பார்த்தா அசல் கடுகுச் செடி. அதுக்கப்புறம் ஒரு பழக்கம், எந்த விதை வாங்கறதுக்கு முன்னாடியும் அந்த விதை நிஜத்துல என்ன வடிவம், என்ன சைஸ்னு தேடிப் பார்த்துட்டுதான் காசு கொடுக்கறது. பூ போட்டோவை நம்பாதீங்க, விதை போட்டோவை கேளுங்க.

அப்போ விதை எங்க வாங்கறது?

நாட்டு மருந்துக் கடை. சிரிக்காதீங்க. கழற்சிக்காய், குன்றிமணி, பூனைக்காலி, நீர்முள்ளி, தாமரை விதை எல்லாம் அங்க பத்து இருபது ரூபாய்க்கு கிடைக்கும். ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, மருந்துக்குன்னு வேக வெச்சதோ வறுத்ததோ தோல் உரிச்சதோ முளைக்காது, அதனால முழுசா தோலோட இருக்கறதா கேட்டு வாங்குங்க. சேராங்கொட்டை பக்கம் மட்டும் போகாதீங்க, பால் பட்டா தோல் வெந்து போகும்.

மர விதைன்னா கோயம்புத்தூர்ல இருக்கற வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், வேளாண் பல்கலைக்கழக விதை மையம் ரெண்டுலயும் விசாரிக்கலாம், அங்க எந்த விதையா இருந்தாலும் பேர் தெளிவா இருக்கும். நம்ம கடலோரத்து வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்கள் மேல ஆசை இருந்தா ஆரோவில் தாவரவியல் பூங்காவை ஒரு தடவை போய் பாருங்க, அந்த வகை மரங்களை விதையில இருந்து வளர்த்து மறுபடி காடாக்கற வேலை செய்யறவங்க அவங்க.

மத்தபடி நடக்கும்போது குனிஞ்சு பாக்கற பழக்கம் போதும். கோயில் நந்தவனம், பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ், காலேஜ் வளாகம், விதை இல்லாத இடமே கிடையாது. ஆனா காப்புக்காட்டுக்குள்ள போய் எடுக்காதீங்க, அது தப்பு, கேஸ் ஆகும்.

விதை போட்டு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணுமே வரல. விதை டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டா இருக்கலாம், ஆனா பாதி தடவை விதை தூங்கிட்டு இருக்கும். தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் போட்டவுடனே வரும், ஏன்னா ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் சட்டுனு முளைக்கறதையே பார்த்து பார்த்து எடுத்து வெச்சிருக்கான். காட்டுச் செடிக்கு அந்த அவசரம் கிடையாது. கோடையில ஒரு மழை பெஞ்சதும் எல்லா விதையும் முளைச்சு அடுத்த வாரம் வெயில்ல எல்லாம் செத்துட்டா அந்த இனமே போச்சு, அதனால விதைக்குள்ளயே ஒரு பூட்டு இருக்கும். அந்த பூட்டு எந்த வகைன்னு தெரிஞ்சுக்கறதுதான் இந்த வேலையில முக்கால்வாசி.

தோல் கெட்டியா இருந்து தண்ணி உள்ள போகாதது ஒரு பூட்டு, கழற்சி, குன்றிமணி, சரக்கொன்றை, தாமரை இதுல வரும். விதையை சுத்தி இருக்கற சதையே முளைக்கவிடாம தடுக்கறது இன்னொண்ணு, பப்பாளி விதை மேல வழவழன்னு ஒரு பை இருக்கும்ல அது அதுக்குத்தான், துணியில வெச்சு தேய்ச்சு கழுவிட்டு போட்டா சீக்கிரம் வரும். கரு இன்னும் முத்தாம இருந்து உள்ளயே மெதுவா தயாராகறது மூணாவது, இதுக்கு பொறுமையைத் தவிர பெருசா மருந்து கிடையாது, செங்காந்தள்கிட்ட அந்த குணம் உண்டு. குளிர்காலம் ஒண்ணு முடிஞ்சாதான் எந்திரிப்பேன்னு இருக்கறது நாலாவது, அது இமயமலை, ஜப்பான், ஐரோப்பா செடிகள். அப்புறம் தூசி மாதிரி குட்டி விதைங்க பலதுக்கு வெளிச்சம் வேணும், அதை மண்ணுக்குள்ள மூடினீங்கன்னா அவ்ளோதான், மேலாக்க தூவி விட்டுடணும்.

கெட்டித் தோல் விதையை எப்படி உடைக்கறது?

சின்ன வயசுல கழற்சிக் கொட்டையை தரையில தேய் தேய்னு தேய்ச்சு பக்கத்துல இருக்கறவன் கையில சூடு வெச்சிருப்பீங்களே, அதேதான். தேய்ச்ச இடத்துல தோல் தேய்ஞ்சு உள்ள வெளுப்பா தெரியும்போது நிறுத்தணும். நான் உப்புத்தாள்ல தேய்க்கறேன், சின்ன விதைன்னா நகவெட்டியால ஓரத்துல ஒரு கொறி. விதை காயோட ஒட்டியிருந்த தழும்பு இருக்கும் பாருங்க, கரு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், அதை தொடாம எதிர் பக்கத்துல தேய்ங்க. அப்புறம் ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, காலையில ரெண்டு மடங்கு உப்பியிருந்தா பூட்டு தொறந்தாச்சு. உப்பாதது இருந்தா மறுபடி தேய்ங்க.

நிறைய விதை இருந்தா வெந்நீர் முறை சுலபம். தண்ணியை கொதிக்க விட்டு அடுப்பை அணைச்சு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு விதை மேல ஊத்தி அப்படியே ஆற விட்டுடணும். அடுப்பு மேல வெச்சு வேக வெச்சா சுண்டல்தான். ஆசிட்ல ஊற வைக்கறதா நர்சரிக்காரங்க சொல்வாங்க, கந்தக அமிலம், அதை வீட்ல செய்யாதீங்க ப்ளீஸ்.

இலங்கை மன்னார்ல நிக்கற அந்த பிரம்மாண்ட பெருக்க மரம் பார்த்திருப்பீங்க, ஆப்பிரிக்காவுல இருந்து வந்த பாவோபாப் அது. அதோட விதையும் இதே கதைதான், தேய்க்காம போட்டா சும்மா கிடக்கும்.

தாமரை விதையில இருந்து வளர்க்க முடியுமா?

முடியும், முதல் தடவை விதை போடறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஏன்னா கண்ணாடி டம்ளர்ல எல்லாமே கண்ணு முன்னாடி நடக்கும். கருப்பா கல்லு மாதிரி இருக்கற விதை வேணும். சமையலுக்கு விக்கற வெள்ளை தாமரை விதை உரிச்சது, கசக்கும்னு உள்ள இருக்கற பச்சை முளையையும் பல சமயம் எடுத்துடுவாங்க, அது எந்த காலத்துலயும் வராது. பூஜைக்கடை மணிமாலையும் ஓட்டை போட்டது, விட்டுடுங்க.

பக்கவாட்டுல உப்புத்தாள்ல தேய்க்கணும், கருப்பு போய் பழுப்பு வந்து அப்புறம் க்ரீம் கலர் லேசா தெரியும், அங்க நிறுத்திடணும், உள்ள சதையை தேய்ச்சா அழுகிடும். டம்ளர் தண்ணியில போட்டு தினமும் தண்ணி மாத்துங்க. மாத்தாம விட்டா குளத்து நாத்தம் வரும். நாலஞ்சு நாள்ல தோல் வெடிச்சு பச்சையா கொக்கி மாதிரி ஒண்ணு வெளிய வரும், அது நிமிர்ந்து ஒரு வாரத்துல ஒரு ரூபாய் காசு அளவு இலை தண்ணி மேல மிதக்கும். மூணு நாலு இலை வந்து வெள்ளை வேர் தெரிஞ்சதும் அடியில ஓட்டை இல்லாத டப்புல களிமண் போட்டு வைங்க. வண்டல், களிமண் மட்டும்தான், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டா எல்லாம் மேல மிதக்கும். கொசுவுக்கு நாலு கம்பூசியா மீனோ கப்பியோ விட்ருங்க.

பூ அம்மா செடி மாதிரியே வரும்னு எதிர்பார்க்காதீங்க, விதையில கலப்பு இருக்கும். எனக்கு முதல் பூ வர்றதுக்கு ரெண்டு கோடை ஆச்சு.

அந்த தோலோட கெட்டித்தனத்துக்கு ஒரு சங்கதி, சீனாவுல ஒரு வறண்டு போன ஏரிப் படுகையில கிடைச்ச சுமார் 1300 வருஷம் பழசான தாமரை விதையை முளைக்க வெச்சிருக்காங்க. நம்ம தேய்க்கற அந்த கருப்பு ஓடுதான் அவ்ளோ நாள் அதை காப்பாத்தினது.

செங்காந்தள் விதை போட்டேன், முளைச்சு வந்து செத்துப் போச்சு. என்ன தப்பு?

பெரும்பாலும் தப்பே இல்ல, அது சாகல. நான் பண்ணின முட்டாள்தனத்தை சொல்றேன் கேளுங்க.

வேலியில இருந்து காஞ்ச காய் ஒண்ணு பறிச்சு வந்தேன், உள்ள ஆரஞ்சு சிவப்புல மணி மணியா விதை. மேல இருக்கற சதையை கழுவி எடுத்துட்டு ஒரு தயிர் டப்பாவுல ஆடி மாசம் பதினஞ்சு போட்டேன். ஒரு மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு, இப்படி அது இஷ்டத்துக்கு வந்துச்சு, மொத்தம் ஆறு. எல்லாம் புல் மாதிரி ஒல்லியா ஒரு தண்டு, ரெண்டு மூணு இலை, அவ்ளோதான். தை மாசம் மஞ்சளாகி காஞ்சு போச்சு. சரி போச்சுன்னு டப்பாவை கவுத்து மண்ணை வேற தொட்டியில கொட்டினேன், கொட்டும்போது பட்டாணி சைஸ்ல வெள்ளையா என்னவோ உருண்டு ஓடுச்சு, கல்லுன்னு நெனச்சேன், நசுக்கி பார்த்தா ஈரமா இருக்கு. கிழங்கு! முதல் வருஷம் பூரா அது கீழ அதை கட்டற வேலையைத்தான் பார்த்திருக்கு, மேல இருக்கற தண்டு சும்மா அதுக்கு சாப்பாடு போட வந்தது.

ஆக, காஞ்சதும் தண்ணியை நிறுத்திட்டு டப்பாவை நிழல்ல அப்படியே வைங்க, அடுத்த மழைக்கு தானா வரும், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெருசா. பூ பாக்க மூணு நாலு வருஷம். தொட்டி மாத்தும்போது கிழங்கோட முனை உடையாம பாருங்க, முளை வர்ற கண் அங்கதான் இருக்கு, அது போச்சுன்னா கிழங்கு எவ்ளோ பெருசா இருந்தாலும் வராது. ஏற ஒரு குச்சி வேணும், இலை நுனியே சுருண்டு பிடிச்சுக்கும்.

அவசரக்காரங்க கிழங்கு வாங்கிக்கலாம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை கண்வலிக்கிழங்குன்னு சொல்லி ஏக்கர் கணக்குல விவசாயமே பண்றாங்க, மருந்து கம்பெனிக்கு விதை போகுது. அங்க போனா பார்க்கலாம், பூவுக்கு பூ கையால மகரந்தம் தொட்டு வைப்பாங்க, ஏன்னா சூல்தண்டு மகரந்தப் பக்கம் இல்லாம ஒரேயடியா பக்கவாட்டுல மடங்கி இருக்கும், தானா சேர்றது கம்மி. உங்க வீட்டு பூவுல காய் பிடிக்கலன்னா காலையில அதே மாதிரி தொட்டு விடுங்க.

அடினியம் விதை எப்படி எடுக்கறது, எப்படி போடறது?

ஆட்டுக் கொம்பு மாதிரி ஜோடியா காய் வரும். அது பிடிச்ச ரெண்டு மூணு மாசத்துல முத்தி ஒருநாள் மதியம் பட்டுனு வெடிக்கும், வெடிச்சா விதை எல்லாம் பஞ்சோட பறந்து எதிர் வீட்டு மாடிக்கு போயிடும். அதனால காய் பச்சை மாறி பழுப்பாக ஆரம்பிச்சதும் நூலால ரெண்டு மூணு இடத்துல கட்டிடுங்க, இல்ல பழைய கொலுசு வர்ற வலைப்பை மாதிரி ஏதாவது மாட்டி விடுங்க. ஒரு காயில ஐம்பதுக்கு மேல கூட விதை இருக்கும்.

விதை புதுசா இருந்தா இதை விட சுலபமான செடி கிடையாது. ரெண்டு முனை பஞ்சையும் தேய்ச்சு எடுத்துட்டு மூணு நாலு மணி நேரம் தண்ணியில போட்டு, மணல் கலந்த மண்ல படுக்க வெச்சு மேல மெலிசா மூடுங்க. நிக்க வைக்காதீங்க. மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள வந்துடும், தண்டு அப்பவே குண்டா உருளையா இருக்கும், பார்க்கவே சிரிப்பு வரும். ஒரு வருஷம் பழைய விதைன்னா பாதி கூட வராது. எறும்பு இழுத்துட்டு போகும், விதை போட்ட தட்டை, தண்ணி நிறைஞ்ச இன்னொரு தட்டு நடுவுல கல்லு வெச்சு மேல வைங்க.

விதையில வந்த செடிக்குத்தான் அடித்தண்டு நல்லா குடம் மாதிரி ஊதும். குச்சி வெட்டி நட்டா அந்த வடிவம் அவ்ளோ அழகா அமையாது, விதை போடறதுக்கு பெரிய காரணமே இதுதான். ஆனா பூ கலர் லாட்டரி. அடுக்கு சிவப்பு பூவுல எடுத்த விதையில எனக்கு ஒத்தை ரோஸ் தான் நிறைய வந்துச்சு. கலர் பிடிக்கலன்னா அதையே அடிச்செடியா வெச்சு ஒட்டு கட்டிக்கலாம்.

பால் கண்ணுல படக்கூடாது, ஆப்பிரிக்காவுல அம்புக்கு தடவற விஷமா பயன்படுத்தின செடி இது.

வீட்ல சந்தனம் வளர்க்கலாமா? போலீஸ் வருமா?

தமிழ்நாட்ல சொந்த இடத்துல வளர்க்க தடை இல்ல. வெட்டவும் கொண்டு போகவும்தான் வனத்துறை அனுமதி வேணும். மாடி தொட்டியில வளர்க்கறவங்களுக்கு இது கவலையே இல்ல, அது வெட்டற அளவுக்கு வர்றதுக்குள்ள நம்ம பேரன் ரிட்டயர் ஆயிடுவான்.

பழத்தோட சதையை கழுவிட்டு நேரா போட்டா ஒண்ணு ரெண்டு மூணு மாசம்னு இழுக்கும். நர்சரிகள்ல ஜிப்ரெலிக் அமிலம்னு முளைக்கத் தூண்டற ஒரு ஹார்மோன், அதோட 500 பிபிஎம் கரைசல்ல ஒரு ராத்திரி ஊற வைப்பாங்க, அதாவது ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை கிராம். அந்த பொடி தண்ணியில நேரா கரையாது, முதல்ல கொஞ்சம் ஸ்பிரிட்ல கரைச்சுட்டு தண்ணியில ஊத்துங்க.

முளைக்க வைக்கறது பாதி வேலைதான். சந்தனம் பாதி ஒட்டுண்ணி, இலையில சமைச்சுக்கும் ஆனா தண்ணியும் சத்தும் பக்கத்து செடியோட வேர்ல வாய் வெச்சு உறிஞ்சும். தனியா வெச்சா கொஞ்ச மாசம் தாக்குப்பிடிச்சு அப்படியே சோர்ந்து நிக்கும். அதனால தொட்டியிலயே பொன்னாங்கண்ணி நட்டு விடணும், பெருசானதும் துவரை. நான் அப்படித்தான் வெச்சிருந்தேன், ஜம்முனு வந்துச்சு. ஊர்ல இருந்து அம்மா வந்தாங்க, தொட்டியில களை மண்டி கிடக்குன்னு பொன்னாங்கண்ணியை வேரோட பிடுங்கி, நல்ல கீரைங்கறதால பொரியலும் பண்ணிட்டாங்க. நானும்தான் ரசிச்சு சாப்பிட்டேன், சாயங்காலம் மாடிக்கு போற வரைக்கும். ஒரு மாசத்துல சந்தனம் மஞ்சளாச்சு. மறுபடி கீரை நட்டு பிழைக்க வெச்சேன், இப்போ தொட்டியில "பறிக்காதே"ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

ரம்புட்டான், மங்குஸ்தான் கொட்டையை காய வெச்சு போட்டேன், வரலையே?

காய வெச்சதுதான் தப்பு. பலா, மா, நாவல், இலுப்பை, ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் ஈரம் குறைஞ்சா செத்துடற விதை. சாப்பிட்ட கையோட கழுவி அன்னிக்கே போடணும், பிரிட்ஜ்லயும் வைக்கக்கூடாது. ரம்புட்டான் விதையில வந்தா பாதி ஆண் மரமா போயிடும், பழத்துக்குன்னா ஒட்டுச்செடி வாங்குங்க. மங்குஸ்தான் விசித்திரம், அது மகரந்தமே சேராம உண்டாகற விதை, அதனால குட்டி அப்படியே அம்மா ஜாடை. ஆனா காய்க்க எட்டு பத்து வருஷம், அதுவும் கல்லார், பர்லியாறு மாதிரி ஈரமான மலையடிவாரம் வேணும். திருச்சி மாடியில எனக்கு ரெண்டு இலைக்கு மேல வந்ததே இல்ல.

ஆர்க்கிட் விதை?

விக்கறாங்கன்னா ஓடிடுங்க. ஆர்க்கிட் விதை தூசி, உள்ள சாப்பாடு எதுவும் கிடையாது, காட்ல ஒரு பூஞ்சை வந்து ஊட்டணும். 1922-ல லூயிஸ் நட்சன்ங்கறவர் சர்க்கரை கலந்த அகர்ங்கற ஜெல்லியில பூஞ்சை இல்லாமலே முளைக்க வெச்சு காட்டினார், இன்னிக்கு வரைக்கும் லேப்ல கிட்டத்தட்ட அந்த வழிதான். தொட்டி மண்ல தூவி வராது.

குறிஞ்சி?

நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூத்து, விதை விட்டு, செத்துடும். 2006, 2018, அடுத்தது 2030. உயரமான மலைப் புல்வெளியில வளர்றது, சமவெளியில பன்னண்டு வருஷம் பச்சை இலையை பார்த்துட்டு இருக்க தயார்னா கூட வெயில் விடாது. 2030-க்கு மூணாறு டிக்கெட் போடுங்க.

லாவெண்டர், ஜப்பான் மேப்பிள் எல்லாம் பிரிட்ஜ்ல வெச்சா முளைக்குமாமே?

முளைக்கும். ஈர டிஷ்யூவுல சுத்தி ஜிப்லாக் கவர்ல போட்டு காய்கறி தட்டுல வைங்க, பிரீசர்ல வேணாம், லாவெண்டருக்கு நாலு வாரம் போதும், மேப்பிளுக்கு மூணு மாசம் கூட ஆகும். வீட்ல இருக்கறவங்க புளிக்குழம்பு வைக்கறதுக்கு எடுத்துடாம கவர்ல பேர் எழுதுங்க. முளைச்சதுக்கப்புறம்தான் பிரச்சனை, மேப்பிள் நம்ம ஊர் ஏப்ரல்ல கருகிடும். முளைக்க வைக்கற சந்தோஷத்துக்காக ஒரு தடவை செய்யலாம், நானும் செஞ்சேன்.

மண் கலவை என்ன?

கோகோபீட் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, நாத்துக்கு உரம் தேவையே இல்ல. கோகோபீட் கட்டியில உப்பு இருக்கும், ரெண்டு மூணு தண்ணி அலசிட்டு பிழிஞ்சு போடுங்க, இதை செய்யாம நிறைய பேர் விதையை திட்டறாங்க. பாலைவனச் செடின்னா மணல் ரெண்டு பங்கு, கோகோபீட் ஒண்ணு. ஆழம், விதை எவ்ளோ தடிமனோ அதுல ரெண்டு மடங்கு. ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாவுல அடியில ஓட்டை போட்டா மூடியோட நாற்று டிரே ரெடி. தண்ணி மேல ஊத்தாதீங்க, டப்பாவை தட்டு தண்ணியில உக்கார வைங்க, தானா இழுத்துக்கும்.

நல்லா முளைச்சு வந்த நாத்து ஒரே ராத்திரியில சாஞ்சு போகுது, ஏன்?

நாற்றழுகல். தண்டை மண்ணு கிட்ட பாருங்க, நூல் மாதிரி சுருங்கி தண்ணி கோத்திருக்கும். பூஞ்சை வேலை. சாஞ்சதை காப்பாத்த முடியாது, பக்கத்துல இருக்கறதை காப்பாத்தலாம். சாஞ்சதை மண்ணோட அள்ளி வெளிய போடுங்க, மூடியை தொறந்து காத்து விடுங்க, ரெண்டு நாள் தண்ணி வேணாம். டிரைக்கோடெர்மா விரிடி பொடி உரக்கடையில கிடைக்கும், விதைக்கும்போதே மண்ல கொஞ்சம் கலந்து வெச்சா பாதிக்கு மேல தப்பிக்கும், அது நல்ல பூஞ்சை, கெட்டதை சாப்பிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில நான் எதையுமே விதைக்கறது இல்ல, அந்த மாசத்துல இழந்த நாத்து கணக்கு கேக்காதீங்க. அடினியம் பங்குனி சித்திரையில, மத்தது ஆடியில. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க.

பழைய விதை எத்தனை வருஷம் தாங்கும்?

விதையைப் பொறுத்து. இஸ்ரேல்ல மசாதா கோட்டையில தோண்டி எடுத்த சுமார் 2000 வருஷ பேரீச்சங்கொட்டையை 2005-ல நட்டு மரமாவே ஆக்கிட்டாங்க, மெதூசலான்னு பேர். ரம்புட்டான் ரெண்டு வாரம் தாங்கினா பெருசு. காய வைக்கக்கூடிய விதைக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கு, ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு, சூடு அஞ்சு டிகிரி குறைஞ்சா இன்னொரு ரெண்டு மடங்கு. அதனால நிழல்ல காய வெச்சு, ஆற வெச்ச வறுத்த அரிசி ஒரு ஸ்பூன் துணியில முடிஞ்சு கூட போட்டு, இறுக்கமான பாட்டில்ல பிரிட்ஜ்ல வைங்க. சந்தேகம்னா பத்து விதையை ஈர டிஷ்யூவுல வெச்சு பாருங்க. தண்ணியில மிதந்தா சொத்தைன்னு சொல்றதை காட்டு விதைக்கு நம்பாதீங்க, நல்ல விதையே பல மிதக்கும்.

வெளிநாட்ல இருந்து வர்றவங்ககிட்ட விதை வாங்கிட்டு வர சொல்லலாமா?

சட்டப்படி 2003-ல வந்த தாவர நோய்த்தடுப்பு உத்தரவுல இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டு தாவர நலச் சான்றிதழும் வேணும். சட்டத்தை விடுங்க, உண்ணிச்செடி அலங்காரத்துக்குன்னு வந்தது, ஆகாயத்தாமரை பூ அழகா இருக்குன்னு வந்தது, இப்போ ஒண்ணு காட்டை மூடியிருக்கு இன்னொண்ணு ஏரியை மூடியிருக்கு. 2020-ல அமெரிக்காவுல ஆர்டரே பண்ணாத ஆயிரக்கணக்கான வீட்டுக்கு தபால்ல விதை பாக்கெட் வந்து, நடாதீங்கன்னு அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாச்சு. பேர் தெரியாத விதையை மண்ல போடாதீங்க.

வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, எதுல கவனம்?

செங்காந்தள் கிழங்கும் விதையும் உயிருக்கே ஆபத்து, கிழங்கை ஏதோ சாப்பிடற கிழங்குன்னு நெனச்சு தின்னு செத்தவங்க உண்டு. குன்றிமணி சிவப்பும் கருப்பும் பார்த்தா பசங்களுக்கு வாயில போடத்தான் தோணும். முழுசா முழுங்கினா தோல் காப்பாத்தலாம், ஆனா நம்ம முளைக்க வைக்க உப்புத்தாள்ல தேய்ச்சு வெச்ச விதைக்கு அந்த பாதுகாப்பும் போச்சு, அதனால தேய்ச்சதை டேபிள் மேல விட்டுட்டு போன் பேச போகாதீங்க. வாயில போட்டது தெரிஞ்சா மீதி விதையையும் எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரி.

பேர் எழுதி வெச்சது அழிஞ்சு போகுது, என்ன பேனா?

பென்சில். மார்க்கர் நம்ம வெயில்ல மூணு மாசத்துல காணாம போகும், வெள்ளை பிளாஸ்டிக் துண்டுல பென்சில்ல எழுதினது வருஷக்கணக்குல நிக்கும். பேர், விதைச்ச தேதி, எங்க எடுத்தது. எங்கிட்ட "??? சமயபுரம் ரோடு"ன்னு ஒரு தொட்டி மூணு வருஷமா இருக்கு, போன மாசம்தான் பாலை மரம்னு கண்டுபிடிச்சேன், சப்போட்டா ஒட்டுக்கு அடிச்செடியா வைப்பாங்களே அது. மூணு வருஷத்துல முக்கா அடி.

மிச்ச விதையை நண்பர்களுக்கு தபால்ல அனுப்பலாமா?

தாராளமா. வெறும் கவர்ல போட்டா முத்திரை குத்தறதுல நசுங்கும், அட்டையில சின்னதா பள்ளம் வெட்டி உள்ள வெச்சு டேப் ஒட்டுங்க. செங்காந்தள், குன்றிமணின்னா கவர் மேலயே "விஷம்"னு எழுதிடுங்க, போன தடவை ஒரு அண்ணன் வீட்ல வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க குன்றிமணியை எடுத்து குழந்தை கையில கொடுத்திருக்காங்க.